கோழிக்கூட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் காக்காய், மைனா, புறா நுழையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் கொரங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, ஒட்டி எங்கள் சாளை (தோட்டத்து வீடு). நாலு மாடு, எழுபது எண்பது நாட்டுக்கோழி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், ஒரே வாரத்தில் பதினொரு குஞ்சு போய்விட்டது. பாதியைக் காக்காய் தூக்கியது, மீதியை வல்லூறு. அதே சமயத்தில் மாட்டுக் கொட்டகையின் ஓட்டு இடுக்கில் மைனாவும் புறாவும் கூடு கட்டி, தவிட்டு மூட்டை மேலெல்லாம் எச்சம். அதற்கப்புறம் வலை, கம்பி, சிடி தட்டு, பட்டாசு என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பறவை எதற்காக வருகிறது என்று கண்டுபிடித்து அதை அங்கிருந்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எடுக்காமல் விரட்டிக்கொண்டே இருந்தால், நாம் சோர்ந்து போகும் வரைக்கும் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் வலை வாங்கப் போவதற்கு முன்னால் இரண்டு நாள், காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டிலைப் போட்டு உட்காருங்கள். என்ன பறவை, எந்த வழியாக வருகிறது, எங்கே முதலில் உட்காருகிறது, எதைத் தொடுகிறது என்று பாருங்கள். சிட்டுக்குருவி, மைனா, புறா எல்லாம் தானியத்துக்கும் தண்ணீருக்கும் வரும். செம்போத்து முட்டைக்கும் சின்னக் குஞ்சுக்கும் புதர் வழியாக நடந்தே வரும், பறந்து வருவதைப் பார்ப்பது அபூர்வம். வல்லூறுக்கும் பருந்துக்கும் குஞ்சு மட்டும்தான் குறி. காக்காய்க்குத் தீவனம், முட்டை, குஞ்சு எல்லாமே வேண்டும். மயில் தானியத்துக்கு வந்து, கோழியை ஒதுக்கிவிட்டுத் தின்னும். மாட்டைச் சுற்றி நிற்கும் உண்ணிக்கொக்கால் ஒரு தொந்தரவும் இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

நான் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது இது. வீட்டில் தகர வாளியை எடுக்கும் சத்தம் கேட்டதும் புளியமரத்திலிருந்து ஆறு காக்காய் இறங்கிக் கல்லுக்கால் மேல் வரிசையாக உட்காரும். பிளாஸ்டிக் வாளியை எடுத்தால் ஒன்றுகூட அசையாது, ஏனென்றால் அது மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாளி. தீவனம் எப்போது விழும், யார் கையில் விழும் என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி.

தீவனமும் தண்ணீரும்

சரி, முதல் வேலை தீவனம். கூட்டு வாசலில் கம்பையும் சோளத்தையும் கை நிறைய அள்ளி வீசுவது பழக்கமாக இருக்கலாம், அதை நிறுத்தியே ஆக வேண்டும். வீசிய தானியத்தில் கோழி தின்றது போக மண்ணில் கிடப்பதுதான் ஊர்ப் பறவைகளை எல்லாம் கூட்டிவருகிறது, இரவில் எலியையும் கூட்டிவருகிறது, எலிக்குப் பின்னால் பாம்பு வரும். தட்டிலோ தொங்கும் டப்பாவிலோ போடுங்கள், விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும், அப்போதுதான் கீறிக் கொட்டாது. ஒரே தடவையில் கொட்டி வைக்காமல் இரண்டு வேளையாக, அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, மீதியிருந்தால் எடுத்துவிடுங்கள். கொட்டகைக்குள்ளேயே வளரும் முட்டைக்கோழிக்கே ஒரு நாளைக்கு 110 கிராம் பக்கம்தான் தேவை. வெளியே மேய்ந்துவிட்டு வரும் நாட்டுக்கோழிக்கு அதைவிடக் குறைவுதான் வேண்டும். நான் அளந்து போட ஆரம்பித்த பிறகுதான் எவ்வளவு தீவனம் புறாவுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்தது.

முடிந்தால் தீவனத்தைக் கூட்டுக்கு உள்ளே வைத்துப் பழக்குங்கள். இரண்டு பக்கமும் வலை, கோழி குனிந்து போகும் அளவுக்கு ஒரு வாசல். காக்காய்க்குத் தப்பிக்கும் வழி தெளிவாகத் தெரியாத இடத்துக்குள் போகப் பயம், ஒரு தாழ்ந்த வாசலே அதைப் பாதி நிறுத்திவிடும். கோழி மிதித்தால் மூடி திறக்கும் தீவனப் பெட்டியும் கிடைக்கிறது. சிட்டுக்குருவியின் எடை 30 கிராமுக்குள், காக்காயும் புறாவும் 300 கிராமுக்கு முன்னே பின்னே, நாட்டுக்கோழியோ ஒரு கிலோவுக்கு மேல். அதனால் பலகையைச் சரியாக அமைத்தால் கோழிக்கு மட்டும் திறக்கும். ஆனால் பெண் மயிலே மூன்று கிலோ இருக்கும், அதற்கும் நன்றாகத் திறக்கும். மயில் தொந்தரவு உள்ள ஊரில் இந்தப் பெட்டியையும் வலைக்குள்தான் வைக்க வேண்டும்.

மாட்டுக் கொட்டகையில் தப்பு நடக்கும் இடம் வேறு. ஊறவைத்த புண்ணாக்கும் தவிடும் தொட்டியில் கிடக்க, மாடு மேய்ச்சலில் இருக்கும். மாடு வந்து நின்ற பிறகு கலந்து வையுங்கள், குடித்து முடித்ததும் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். தவிட்டு மூட்டையை வாய் திறந்தபடி சுவரில் சாய்த்து வைக்காமல் மூடி போட்ட டிரம்மில் கொட்டுங்கள். பழைய தகர டிரம் போதும்.

தண்ணீரைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சித்திரை வெயிலில் சுற்று வட்டாரத்தில் குட்டை எல்லாம் வற்றிய பிறகு, உங்கள் கோழித் தண்ணீர்ச் சட்டிதான் எல்லாப் பறவைக்கும் ஊருணி. அதில் முங்கிக் குளித்து எச்சமும் போட்டுவிட்டுப் போகும், அதையே கோழி குடிக்கும். நோய் ஏறுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒரு வாளியை உயரத்தில் தொங்கவிட்டுக் குழாயில் நிப்பிள் பொருத்திவிட்டால், கோழி கொத்தினால் மட்டும் சொட்டும். இரண்டே நாளில் கோழி பழகிவிடுகிறது. பறவைக்குத் தண்ணீர் வைக்கும் எண்ணம் இருந்தால், தாராளமாக வையுங்கள், கோழி மேயாத தூரத்தில், கிணற்றுக்கு அந்தப் பக்கம் வையுங்கள், தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள்.

வலை

வலையில் முக்கியமானது கண் அளவு. முக்கால் அங்குலத்துக்கு மேல் போனால் சிட்டுக்குருவி நுழையும், ஒன்றே கால் அங்குலத்தில் மைனா முயற்சி செய்யும், இரண்டு அங்குலம் புறாவையும் காக்காயையும் மட்டும்தான் நிறுத்தும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்க வேண்டுமென்றால் முக்கால் அங்குலத்துக்குள் எடுத்துவிடுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரைக்கும் நைலான் வேண்டாம், அரை அங்குல வெல்டு மெஷ் (பற்றவைத்த இரும்புக் கம்பி வலை) போடுங்கள். பெரிய கண்ணாக இருந்தால் குஞ்சு வலையோரம் ஒதுங்கித் தூங்கும்போது வெளியே நின்று கழுத்தைப் பிடித்து இழுத்துவிடும். காக்காய் அதைச் செய்ததை நான் நேரில் பார்த்தேன், குஞ்சின் தலை மட்டும்தான் போயிருந்தது. கீரிக்கும் பூனைக்கும் சேர்த்தே அந்த மெஷ் உதவும். அடி விளிம்பை அரை அடி ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள்.

மேலே போடும் வலை தொய்யக் கூடாது. கல்லுக்காலோ சவுக்குக் கட்டையோ நட்டு, உச்சியில் ஜிஐ கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) முறுக்கி இழுத்து, அந்தக் கம்பியில் அடிக்கு ஒரு கட்டு வலையைக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் காக்காய் உட்கார்ந்து அழுத்தி உள்ளே எட்டும், மழை பெய்தால் இலையும் சருகும் தேங்கிக் கிழியும். வெயிலில் பொடியாகாத தரம் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண நைலான் நம் வெயிலுக்குச் சீக்கிரம் நைந்துபோகும்.

பழைய மீன் வலை மலிவாகக் கிடைக்கிறது என்று பலரும் அதைத்தான் கட்டுகிறார்கள். நானும் கட்டினேன். மூன்றாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் வேலியடியில் சுருண்டு கிடந்த வலையில் ஒரு சாரைப்பாம்பு, நடு உடம்பு நாலு சுற்றுச் சிக்கி, நூல் செதிலுக்குள் இறங்கியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சாக்கை நனைத்துத் தலையை மூடிப் பிடித்துக்கொள்ள, நான் தையல் கத்தரியால் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. விட்டதும் கிளுவை வேலிக்குள் போய் மறைந்தது. எலியைப் பிடித்துத் தின்னும் உயிர் அது, நம் தோட்டத்துக்கு வேண்டியது. அதனால் மீன் வலை கட்டினாலும் தரையிலிருந்து மூன்று அடிக்கு மேலே மட்டும் கட்டுங்கள், கீழே சுருட்டிப் போடாதீர்கள், தினமும் ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள். என்ன பாம்பு என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் கை வைக்க வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து எடுத்துவிடுவார்கள்.

கொட்டகைக் கூரை

ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில், சிமெண்ட் ஷீட்டின் வளைவுக்கும் விட்டத்துக்கும் இடையில் இருக்கும் சந்துதான் குருவிக்கும் மைனாவுக்கும் கூடு. அதை அடைப்பதற்கு முன்னால் ஏணி போட்டு ஏறி உள்ளே பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அன்றைக்கு இறங்கிவிடுங்கள். சிட்டுக்குருவி அடைகாத்துக் குஞ்சு பறந்து போவதற்கு ஒரு மாதம் பிடிக்கும், மைனாவுக்கு ஒன்றரை மாதம், புறாவுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது வரைக்கும் கீழே ஒரு சாக்கைக் கட்டி எச்சத்தைத் தாங்கிக்கொள்ளலாம். குஞ்சை உள்ளே வைத்து அடைத்துவிட்டால் அங்கேயே செத்து அழுகும், பேனும் செள்ளும் கீழே இறங்கிக் கோழி மேலும் மாட்டின் மேலும் ஏறும், அப்படிச் செய்துவிட்டுத் தினமும் அந்தத் தாய்ப்பறவை சந்து முன்னால் பறப்பதைப் பார்ப்பதும் தாங்க முடியாது.

கூடு காலியான பிறகு பழைய குப்பையை எடுத்து, சந்துக்குத் தகுந்தபடி வெல்டு மெஷை வெட்டி மடித்து உள்ளே அழுத்தி, கம்பியால் கட்டுங்கள். சிமெண்ட் பூசி முழுசாக அடைக்க வேண்டாம், கொட்டகைக்குக் காற்றோட்டம் வேண்டும், மெஷ் என்றால் காற்று போகும். புறா உட்காரும் சுவர்த்திட்டில் பலகையைச் சரிவாக, 45 டிகிரிக்கு மேல், வைத்துவிட்டால் கால் வழுக்கி எழுந்து போய்விடும். வாசலுக்குப் பழைய சாக்கைக் கை அகலத்துக்குப் பட்டையாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்று படியும்படி தொங்கவிடுங்கள், மாடு இரண்டு மூன்று நாள் தயங்கும், அப்புறம் தலையால் தள்ளிக்கொண்டு போகும். கூகை வந்து தங்கும் வழி ஏதாவது இருந்தால் அதை மட்டும் அடைக்காமல் விடுங்கள். கூகை கோழியைத் தொடாது, எலியைத்தான் தேடும்.

காய்ந்த எச்சத்தை விளக்குமாறு போட்டு அப்படியே பெருக்காதீர்கள், தூசியோடு நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வழித்து எடுங்கள்.

குஞ்சைக் காப்பது

இதுதான் கஷ்டமான பகுதி. வலைக்குள்ளேயே வளர்த்தால் பிரச்சினை இல்லை, ஆனால் நாட்டுக்கோழிக் குஞ்சு தாயோடு மேய்ந்தால்தான் கறையானும் புழுவும் தின்று தேறும். பொரித்த முதல் மூன்று நாலு வாரம் பஞ்சாரத்துக்குள்ளேயே, அதாவது கவிழ்த்து மூடும் கூடைக்குள்ளேயே, வையுங்கள். மூங்கில் பஞ்சாரம், இடைவெளி காக்காயின் அலகு உள்ளே போகாத அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், மேலே ஒரு கல். அதில் முதல் வாரம் கழிந்ததும் சாயங்காலம் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, திறந்து விடுங்கள். பருந்து வெயில் ஏறிக் காற்று மேலே எழும் நேரத்தில்தான் வட்டமிடும், சாயங்காலம் அதன் தொந்தரவு குறைவு. எட்டு வாரம் தாண்டிய குஞ்சைக் காக்காயால் ஒன்றும் செய்ய முடியாது.

மேயும் இடம் வெட்ட வெளியாக இருந்தால் குஞ்சுக்கு ஓடி ஒளிய வழியில்லை. எங்களுக்குக் கிளுவை வேலி பெரிய காவல், தாய்க்கோழி ஒரு சத்தம் கொடுத்தால் பத்துக் குஞ்சும் முள்ளுக்கடியில் போய்விடும். வேலி இல்லாதவர்கள் ஆமணக்கு, அகத்தி என்று அங்கங்கே நட்டு, காய்ந்த முள்ளைக் குவித்து வைக்கலாம். பத்தடிக்கு மேல் ஓட வேண்டியிருக்கக் கூடாது. சின்னத் திடலாக இருந்தால் மேலே தூண்டில் நரம்பை ஒரு அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுங்கள். பறவைக்கு அது சரியாகத் தெரியாது, இறக்கையில் தட்டியதும் மிரளும். காக்காயும் பருந்தும் அதற்குக் கீழே இறங்கத் தயங்கும். மைனாவுக்கும் குருவிக்கும் இது பயன்படாது.

அப்புறம் கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வோம். காலையில் கம்பி மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்புக் குருவி, தன் கூட்டுப் பக்கம் காக்காயோ பருந்தோ வந்தால் விடாது, முதுகில் கொத்திக்கொண்டே துரத்தும். அதன் கூடு இருக்கும் மரத்தில் புறாவும் மாங்குயிலும் தைரியமாக வந்து கூடு கட்டுவதே அந்தக் காவலை நம்பித்தான். எங்கள் வேப்பமரத்தில் ஒரு ஜோடி கூடு கட்டிய கோடையில் அந்தப் பக்கம் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. பாசிப்பயறு வயலில் பறவை தாங்கி நடுவது போல, ஆறேழு அடிக் குச்சியில் குறுக்குச் சட்டம் அடித்து மேய்ச்சல் இடத்தில் இரண்டு மூன்று நட்டு வையுங்கள், கரிச்சான் வந்து உட்காரும். கூடு கட்டியிருக்கும் மரத்தில் கிளை வெட்டாதீர்கள்.

சிடி தட்டு, மினுக்கு ரிப்பன், கண் வரைந்த பலூன் எல்லாம் ஒரு வாரம் வேலை செய்யும். குஞ்சு பொரித்த முதல் வாரத்துக்கு மட்டும் கட்டி, உடனே அவிழ்த்து வைத்துவிட்டால் அடுத்த தடவைக்கும் பயன்படும். பட்டாசு வேண்டவே வேண்டாம். காக்காய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும், அடைக்கோழியோ முட்டையை விட்டு எழுந்து ஓடும், சினை மாடு மிரளும்.

செத்த காக்காயைக் கட்டித் தொங்கவிடும் பழக்கம் ஊரில் உண்டு. மற்ற காக்காய்கள் கூடிக் கத்திவிட்டு அந்த இடத்தை ஒதுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் காக்காய் எதனால் செத்தது? 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்காய்கள் கொத்தாகச் செத்து விழுந்ததற்குப் பறவைக் காய்ச்சல்தான் காரணம் என்று உறுதியானது, அதே சமயம் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்கும் வந்தது. அப்படிப்பட்ட உடம்பைக் கூட்டு வாசலில் தொங்கவிடலாமா? கறுப்புத் துணியைக் காக்காய் போலக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் அதே வேலை நடக்கும். சில நாளைக்கு ஒரு தடவை இடம் மாற்றுங்கள். தோட்டத்தில் இரண்டு மூன்று பறவை சேர்ந்தாற்போல் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

விஷம் வைப்பது, கண்ணி வைப்பது பக்கமே போகாதீர்கள். மயில், வல்லூறு, பருந்து எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. காக்காய் முன்பு ஐந்தாம் அட்டவணையில், தொல்லை உயிரினம் என்று எலியோடு சேர்ந்து இருந்தது, 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். விஷம் கலந்த தானியத்தை உங்கள் கோழியும் தின்னும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என்னதான் வலை போட்டாலும் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய் செருப்பிலும் கூடையிலும் வந்து சேரும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி, இதைத் தவறவிடாதீர்கள். பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. அதற்குக் காலையில் கோழியைத் திறந்துவிடாமல் அடைத்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை முடிந்ததும் வலையின் கட்டுகளை எல்லாம் ஒரு தடவை இறுக்கிக் கட்டுங்கள். ஒரு கை நுழையும் ஓட்டை போதும், மைனா அதை உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்.

கொட்டகைச் சந்துகளையெல்லாம் அடைத்த வருஷம் சிட்டுக்குருவிகள் இரண்டு மூன்று நாள் ஓட்டோரம் தொங்கித் தொங்கிப் பார்த்தன. மனசு கேட்கவில்லை. மிச்சப் பலகையில் மூன்று பெட்டி செய்து, ஒன்றே கால் அங்குல ஓட்டை போட்டு, கோழிக்கூட்டிலிருந்து நூறு அடிக்கு அப்பால் இருக்கும் மோட்டார் ரூம் சுவரில், கிழக்குப் பார்த்து, பத்தடி உயரத்தில் அடித்தேன். ஓட்டைக்கு முன்னால் குச்சி எதுவும் வைக்கவில்லை, வைத்தால் காக்காய்க்கும் உட்கார இடமாகிவிடும். தை மாதத்தில் நடுப் பெட்டிக்குள் முதல் ஜோடி தென்னை நாரை இழுத்துக்கொண்டு போனது.